என் மகனின் கப்பலுக்குத் தைத்த கொடி

குவைத் எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் எனக்கு இன்றைக்கும் கை நீட்டிக் காட்டத் தெரியாது. ஆனால் பக்கத்து நாட்டுச் சண்டையில் அது எப்படிப் போய் மாட்டிக்கொண்டது என்று கேட்டால் உட்கார வைத்துச் சொல்வேன். என் ஒரே மகன் அந்த நாட்டு எண்ணெய்க் கப்பலில் சமையல்காரனாக இருந்தான். அவன் கப்பலை விட்டு இறங்க வேண்டுமா, இருக்க வேண்டுமா என்பதை என்னைச் சொல்லச் சொன்னான். அந்தக் கதைதான் இது.

நாங்கள் கொடி தைக்கிறவர்கள். தேரடி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு, வீட்டின் முன்பாதி கடை. என் வீட்டுக்காரர் வெட்டுவார், நான் தைப்பேன். சட்டை, பாவாடை எல்லாம் தைத்தாலும் எங்களுக்குச் சோறு போட்டது கட்சிக் கொடிதான். எனக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. பேனர் துணியில் எழுத்துகளை வெட்டி வைத்துத் தைத்துத்தான் எழுத்து பிடிபட்டது. அதனால் பெரிய எழுத்தென்றால் இப்போதும் நன்றாகப் படிப்பேன். சின்ன எழுத்தென்றால் கொஞ்சம் நேரம் கொடுக்க வேண்டும்.

எல்லாக் கட்சிக்கும் தைப்போம். ஆனால் ஒரு கட்சிக்காரர் வந்து உட்கார்ந்திருக்கும்போது எதிர்க்கட்சித் துணி மேஜையில் இருக்கக் கூடாது. வாசலில் செருப்பு கழற்றும் சத்தம் கேட்டதும் நான் ஒரு மூட்டையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி இன்னொரு மூட்டையை வெளியே இழுப்பேன். வந்தவர் தன் கொடியைத் தொட்டுப் பார்த்து, உங்களுக்கு நம்ம கட்சி மேலதான் பாசம் ஜாஸ்தி என்பார். என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே டீ சொல்வார்.

கூட்டணி சேர்ந்தால் எங்களுக்குத்தான் முதலில் தெரியும். இரண்டு கட்சித் துணியையும் ஒட்டி ஒரே கம்பில் பறக்கிற மாதிரி கேட்பார்கள். எழுபதுகளில் ஒரு தேர்தலுக்கு அப்படி நிறைய தைத்தோம். அடுத்த தேர்தல் வருவதற்குள் அவர்கள் பிரிந்துவிட்டார்கள். மிஞ்சிய கொடிகளை நான் உட்கார்ந்து தையல் பிரித்தேன். பிரிக்க முடியாமல் போனதில் தலையணை உறை தைத்தேன். என் மகன் சின்ன வயதில் இந்தப் பக்கம் புரண்டால் ஒரு கட்சி, அந்தப் பக்கம் புரண்டால் ஒரு கட்சி என்று தூங்கினான்.

அப்படி ஒரு தேர்தலில்தான் என் வீட்டுக்காரருக்கு நெற்றியில் தையல் போட வேண்டி வந்தது. செங்கத்துப் பக்கம் ஒரு கிராமத்துக்குக் கொடி மூட்டை கொண்டுபோனார், வாடகை வேனில். வேன் முன்னால் பெரிய கட்சியின் கொடி கட்டியிருந்தது. அது இருந்தால் யாரும் வழி மறிக்க மாட்டார்கள் என்று டிரைவர் சொன்னாராம். வழியில் ஒரு தெருவில் அந்தக் கொடியைப் பார்த்ததுமே கல் வந்தது. கொடி இல்லாமல் போயிருந்தால் யாரோ துணி வியாபாரி என்று விட்டிருப்பார்கள் என்பது என் கணக்கு. அவர் கணக்கு வேறு. அன்றைக்கு டிரைவர் பயந்து வண்டியை மெதுவாக ஓட்டினான், அதனால்தான் கல் பட்டது, கொடி என்ன செய்யும் என்பார். இதில் நாங்கள் இரண்டு பேரும் கடைசி வரை ஒத்துப்போகவே இல்லை.

மகனுக்குத் தையல் பிடிக்கவில்லை. அப்பாவும் மகனும் ஒரு மேஜையில் நிற்கவே முடியாது. அவன் கல்யாண வீடுகளில் பிரியாணி மாஸ்டருக்குக் கூடமாட நின்று சமையல் பழகினான். ஒரு ஏஜெண்ட் மூலமாகக் குவைத்துக்குப் போனான். முதலில் ஒரு கம்பெனி கேண்டீனில், அப்புறம் கப்பலில். கல்யாணம் முடித்து மருமகளை என்னிடம் விட்டுவிட்டு மறுபடி கப்பல் ஏறினான். கடல் பார்த்தே இராத ஊரில் என் மகன் கப்பலில் இருக்கிறான் என்பது எனக்குப் பெரிய பெருமையாக இருந்தது. சந்தில் யாராவது அவனைக் கேட்டால் குவைத்தில் இருக்கிறான் என்று சொல்ல மாட்டேன். கப்பலில் இருக்கிறான் என்பேன்.

அப்போது ஈரானும் ஈராக்கும் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. வருஷக்கணக்காக நடந்தது. முதலில் எனக்கு அது காதில் விழுந்தும் விழாத செய்திதான். இரண்டுமே முஸ்லிம் நாடு, ஏன் இப்படி அடித்துக்கொள்கிறார்கள் என்று பள்ளிவாசல் பக்கம் பேசிக்கொள்வார்கள். அவ்வளவுதான். பிறகு கடலில் போகிற கப்பல்களைச் சுட ஆரம்பித்தார்கள் என்று ரேடியோ சொன்னது. குவைத் கப்பலையும் சுட்டார்கள். அன்றைக்கு என் கை மெஷினிலேயே நின்றது.

குவைத் யார் வம்புக்கும் போகவில்லையே, அதை ஏன் சுடுகிறான் என்று என் வீட்டுக்காரரைக் கேட்டேன். அவர் தினமும் டீக்கடையில் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை படிக்கிறவர். ஈராக்குக்குக் கடல் கம்மி, அவனுக்கு வர வேண்டிய சாமானெல்லாம் குவைத் துறைமுகத்தில் இறங்கி லாரியில் போகிறது, பணமும் இவன்தான் கொடுக்கிறான், ஈரான்காரன் சும்மா இருப்பானா என்றார். எனக்கு உடனே புரிந்துவிட்டது. எங்கள் சந்திலேயே இரண்டு வீட்டுக்குச் சண்டை வந்தபோது நடு வீட்டுக்காரர் தன் கொல்லைப்புற வழியை ஒருத்தருக்குத் திறந்துவிட்டார். அதற்கப்புறம் நடு வீட்டு ஓடும் உடைந்தது.

கதவைத் திறக்காமல் இருந்திருக்கலாமே என்றேன். திறக்கவில்லை என்றால் ஈராக் முறைப்பான், அவன் சும்மாவே பெரிய முரடன், சின்ன நாடு என்ன செய்யும் என்றார்.

மகன் எங்களுக்கு எழுத மாட்டான், கேசட்டில் பேசி அனுப்புவான். ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்துவிடுவான். டேப் ரெக்கார்டரை மேஜை மேல் வைத்து நாங்கள் மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்து கேட்போம். ஒரு கேசட்டில் அவன் குரல் வழக்கம்போல இல்லை. சாப்பாட்டையும் மழையையும் விசாரித்துவிட்டு விஷயத்துக்கு வந்தான். குவைத் அரசாங்கம் அமெரிக்காவோடு ஏற்பாடு செய்துகொண்டதாம். அவன் கப்பலோடு சேர்த்துச் சில கப்பல்களில் குவைத் கொடியை இறக்கி அமெரிக்கக் கொடியை ஏற்றப் போகிறார்களாம். கேப்டன் மட்டும் அமெரிக்கக்காரர் வருவாராம், மற்றபடி பழைய ஆட்கள்தானாம். கூடவே போர்க்கப்பல்கள் காவலுக்கு வருமாம். பழைய ஒப்பந்தம் முடிகிறது, புதுசாகக் கையெழுத்துப் போட வேண்டும், போடாதவர்கள் இறங்கிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்களாம்.

கடைசியில் சொன்னான்: "அம்மா, அத்தா ஒண்ணு சொல்வாரு, எனக்குத் தெரியும். நீ சொல்லு. இருன்னா இருக்கேன். வான்னா இறங்கி வந்துடறேன்."

டேப் ஓடி முடிந்து டக்கென்று நின்றது.

என் வீட்டுக்காரர்தான் முதலில் பேசினார். "அமெரிக்கா கொடி. அது மேல எவன் கை வெப்பான்?" என்றார். நான் அவர் நெற்றியைப் பார்த்தேன். அவர் நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "அது வேற, இது வேற" என்றார்.

அவர் இன்னொன்றும் சொன்னார். குவைத் முதலில் ரஷ்யாவிடமும் பேசியதாம், அமெரிக்காவிடமும் பேசியதாம். ரஷ்யா சரி என்றதும்தான் அமெரிக்கா அவசரமாக நான் வருகிறேன் என்றதாம். இதுவும் எனக்குத் தெரிந்த கதைதான். தேர்தல் நேரத்தில் சின்னக் கட்சி ஒன்று இரண்டு பெரிய வீட்டு வாசலிலும் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கும். எந்த வீட்டில் முதலில் பாய் போடுகிறார்களோ அங்கே உட்காரும். ஆனால் அந்தக் கட்சிக்குக் கொடி தைத்த எனக்குத் தெரியும், ஒட்டித் தைத்த கொடியில் பெரிய துணிதான் கண்ணுக்குத் தெரியும். கல் எறிகிறவனும் அதைத்தான் பார்ப்பான்.

மருமகளுக்கு இடுப்பில் கைக்குழந்தை. மறுநாள் அடுப்படியில் என் முகத்தைப் பார்க்காமல், "மாமி, வரச் சொல்லுங்க" என்றாள். பார்க்கலாம் என்றேன்.

ஏன் உடனே வா என்று சொல்லவில்லை என்று கேட்பீர்கள். வந்தால் அவன் அத்தா மேஜைக்கு எதிரே நிற்க வேண்டும். ஒரே வாரத்தில் இரண்டு பேரும் முறைத்துக்கொள்வார்கள். கப்பலில் இருக்கிறான் என்று சந்து முழுக்கச் சொன்னவள் நான். பயந்து ஓடிவந்தவன் என்று என் மகனுக்கு ஒரு பேர் வருவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஆனால் இரு என்று சொல்லவும் நாக்கு எழவில்லை. தொழுகையில் உட்கார்ந்தால் கையேந்தி துஆ கேட்க வேண்டிய இடத்தில் கல் பறந்து வருகிற மாதிரியே தோன்றியது. நேராகத் தைக்கிற கை கோணலாகத் தைத்தது. என் வீட்டுக்காரர் அந்தத் துணியைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி என் பக்கம் வைத்தார்.

அப்போது எங்கள் ஊர் ஆசிரமத்துப் பக்கம் வாடகை அறையில் ஒரு அமெரிக்கக்கார அம்மா இருந்தார். தியானத்துக்கு உட்காரும் மெத்தைக்கு உறை, தொளதொளப்பான வெள்ளைக் கால்சட்டை எல்லாம் என்னிடம்தான் தைப்பார். கொச்சையாகத் தமிழ் பேசுவார். அவர் வந்தபோது பழுப்புக் காகிதத்தை நீட்டி, உங்கள் நாட்டுக் கொடியை வரைந்து காட்டுங்கள் என்று கேட்டேன். அவர் ஆச்சரியமாகப் பார்த்துவிட்டு பென்சிலால் வரைந்தார். கோடு கோடாக வரைந்துகொண்டே போனார். மூலையில் நட்சத்திரம் போட ஆரம்பித்துச் சலித்துப்போய், இப்படி நிறைய என்று கையால் காட்டினார். இத்தனை துண்டு வெட்டி ஒட்டி ஒரு கொடியா, இதைத் தைக்கிறவள் பாவம் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

பிறகு என் மகன் விஷயத்தைச் சொன்னேன். இந்தக் கொடியைப் பார்த்தால் பயப்படுவார்களா என்று கேட்டேன். அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

"கொஞ்சம் பேரு பயம். கொஞ்சம் பேரு, இது பார்த்தாதான் கோபம். ரெண்டும் இருக்கு அம்மா."

எது அதிகம் என்றேன். எனக்குத் தெரியாது என்று தலையை ஆட்டினார். அன்றைக்கு அளவு கொடுக்க வந்தவர், கொடுக்காமலே போய்விட்டார்.

அதற்கப்புறம்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. நம் நாடு இந்தச் சண்டையில் யார் பக்கம் என்று என் வீட்டுக்காரரைக் கேட்டேன். யார் பக்கமும் இல்லை, இரண்டு பேருக்கும் நாம் வேண்டியவர்கள்தான், நம் ஆட்கள் இரண்டு நாட்டிலும் வேலை செய்கிறார்கள், நம் தேயிலை இரண்டு இடத்துக்கும் போகிறது என்றார். அப்படியென்றால் இரண்டு வீட்டுக்கும் பால் ஊற்றுகிறவன் மாதிரி. அவன் மேல் யார் கல் எறிவார்கள்?

அன்றைக்கே உட்கார்ந்தேன். ஆகஸ்ட் மாதத்துக்குப் பள்ளிக்கூடங்களுக்குத் தைத்துப் பழகிய நம் நாட்டுக் கொடிதான். ஆனால் பள்ளிக்கூடத்துக் கொடி சின்னது, கப்பலில் தூரத்திலிருந்து தெரிய வேண்டும். கட்டில் அகலத்துக்கு எடுத்தேன். கடல் காற்றுக்குக் கிழியாமல் ஓரத்தை மடித்து மடித்து இரட்டைத் தையல் போட்டேன். சக்கரம் பதிக்க அவ்வளவு பெரிய அச்சு இல்லை. நீலத் துணியில் ஆரம் ஆரமாக வெட்டி வைத்துத் தைத்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு அக்கறையாக எந்தக் கட்சிக்கும் தைத்ததில்லை. என் வீட்டுக்காரர் பிடித்துப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு. கப்பல்ல எங்க கட்டுவான்?" என்று கேட்டார்.

"கட்டற இடம் அவனுக்குத் தெரியும்" என்றேன்.

கேசட்டில் வா என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. உனக்கு எது நல்லது என்று படுகிறதோ செய், அம்மா ஒன்று தைத்து அனுப்பியிருக்கிறேன், கஷ்டம் வந்தால் எடுத்துக் கட்டு என்று பேசினேன். மருமகள் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். நீயும் பேசு என்றதற்கு, குழந்தையின் வாயை டேப்புக்குப் பக்கத்தில் பிடித்தாள். அது ஏதோ உளறியது.

கேசட்டையும் கொடியையும் கொண்டுபோனவர் எங்கள் சந்து முனையில் இருக்கிறவர். குவைத்தில் ஒரு வீட்டில் டிரைவர். லீவு முடிந்து திரும்பிக்கொண்டிருந்தார். ஊறுகாய் டின்னைச் சுற்றிக் கொடியை வைத்துக் கட்டி, நசுங்காமல் போகும் என்று கொடுத்தேன்.

சில நாட்கள் கழித்து அவருடைய மனைவி மத்தியான வெயிலில் எங்கள் கடைக்கு வந்தாள். என்னைவிட வயதில் சின்னவள், வழக்கமாக அக்கா அக்கா என்று வாய் நிறையக் கூப்பிடுகிறவள். அன்றைக்கு வாசலிலேயே நின்றாள். குவைத் ஏர்போர்ட்டில் மூட்டையைப் பிரித்துப் பார்த்தார்களாம். அந்த ஊரில் குண்டு வைத்தார்கள், ஆட்களைப் பிடித்தார்கள் என்று கெடுபிடியாக இருந்த சமயம். வெளிநாட்டுக்காரன் யார்மேலாவது சந்தேகம் வந்தால் உடனே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்களாம். ஊறுகாயைச் சுற்றிக் கட்டில் அளவுக்கு இன்னொரு நாட்டுக் கொடி எதற்கு என்று கேட்டார்களாம். கப்பலில் கட்ட என்று இவர் உண்மையைச் சொல்லிவிட்டார். எந்தக் கப்பல், யார் சொன்னார்கள் என்று உட்கார வைத்துவிட்டார்கள். முதலாளி நேரில் வந்து என் ஆள்தான் என்று சொன்ன பிறகுதான் விட்டார்களாம்.

"கொடி தெக்கறவங்கன்னா ஊரு பூரா கொடி கட்டணுமா? எங்க வீட்டுக்காரரு வேலை போயிருந்தா நீங்களா மாசாமாசம் பணம் அனுப்பி வெப்பீங்க?"

வேலை போகவில்லை அல்லவா என்று மட்டும் கேட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனாள். அதற்கப்புறம் தண்ணீர்க் குழாயடியில் பார்த்தால்கூட அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நானும் திருப்பிக்கொண்டேன்.

ஏர்போர்ட்டில் கொடியை மட்டும் வைத்துக்கொண்டு ஊறுகாயைக் கொடுத்து அனுப்பிவிட்டார்களாம். அதை மகனின் அடுத்த கேசட்டில்தான் கேட்டேன். முதலில் அவன் சிரித்தான்.

"கப்பலுக்கு ஒரே கொடிதாம்மா. பதிஞ்சது எதுவோ அதுதான். வேற ஒண்ணைக் கட்டினா ஏமாத்தறான்னு ரெண்டு பேருமே சுடுவாங்க."

பிறகு சிரிப்பை நிறுத்தினான். கொடியைப் பற்றி டிரைவர் சொன்னதுமே எனக்குப் புரிந்துவிட்டது, வேண்டாம் என்றால் வான்னு சொல்லியிருப்பே, தைத்து அனுப்பினால் போ என்றுதானே அர்த்தம், அதனால் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்றான். போர்க்கப்பல் காவலோடு போகும் முதல் பயணத்திலேயே தன் கப்பல் இருக்கிறதாம். ஒரு வருஷத்துக்கு ஒப்பந்தமாம்.

மருமகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். என் வீட்டுக்காரர் டேப்பை நிறுத்தாமல் வெறுமனே ஓடவிட்டுக்கொண்டிருந்தார். நான் போ என்று சொல்லவே இல்லையே என்று அவரிடம் சொன்னேன். அவர், சொல்லவில்லைதான் என்றார்.

அதற்கப்புறம் ரேடியோவை அணைக்கவே இல்லை. ஒரு நாள் காலைச் செய்தியில் வந்தது. அமெரிக்கப் போர்க்கப்பல்கள் காவலோடு குவைத்துக்குப் போய்க்கொண்டிருந்த எண்ணெய்க் கப்பல் ஒன்று கடலில் போட்டிருந்த கண்ணிவெடியில் மோதியது. கப்பலில் ஓட்டை விழுந்தது. உயிர்ச்சேதம் இல்லை.

உயிர்ச்சேதம் இல்லை என்று என் வீட்டுக்காரர் திரும்பத் திரும்பச் சொன்னார். செங்கம் ரோட்டில் பஸ் கவிழ்ந்தாலும் முதலில் அப்படித்தான் சொல்கிறார்கள், சாயங்காலம்தான் ஆஸ்பத்திரியிலிருந்து கணக்கு வருகிறது என்றேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு தந்தி ஆபீசுக்குப் போனார். கம்பெனி போன் நம்பருக்கு டிரங்க் கால் பதிந்துவிட்டு மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தார். லைன் கிடைக்கவில்லை. மறுநாளும் போனார், கிடைக்கவில்லை. நான் மெஷினில் உட்கார்ந்தே இருந்தேன். நூல் இல்லாமல் கொஞ்ச தூரம் தைத்திருக்கிறேன், மருமகள் வந்து சொன்ன பிறகுதான் பார்த்தேன்.

அவன் கப்பலா, வேறு கப்பலா என்று தெரிந்து சொல்ல அந்த ஊரில் எங்களுக்கு ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். அந்த டிரைவர். அவர் முதலாளி வீட்டில் போன் இருந்தது. இங்கே சந்து முனையில் அவர் மாமனாரின் இரும்புக் கடையில் போன் இருந்தது. கடைக்கு மேல் மாடியில்தான் அவர் மனைவி குடியிருந்தாள். நான் போகிறேன் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். வேண்டாம், அவள் என்னிடம்தான் முகத்தைத் திருப்பினாள், நானே போகிறேன் என்றேன். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு போனேன். நான் யார் வீட்டு வாசலிலும் போய்க் கேட்டு நின்றவள் இல்லை. ஆனாலும் அந்த மாடிப்படி ஏறினேன்.

அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி புடைத்தாள். நான் நின்றுகொண்டே விஷயத்தைச் சொன்னேன்.

"அன்னிக்கு உங்க கொடியால எங்க வீட்டுக்காரரு அங்க திருடன் மாதிரி உக்காந்திருந்தாரு. இப்ப அவரைத்தான் தேடணுமா?"

"ஆமா" என்றேன். "அவரைத்தான் தேடணும். எனக்கு வேற ஆள் இல்ல."

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். அரிசியில் கிடந்த இரண்டு கல்லைப் பொறுக்கி எறிந்தாள். பிறகு எழுந்து, கீழ வாங்க என்று சொல்லிவிட்டு முன்னால் இறங்கினாள். அவள் அப்பாவிடம் சொல்லிக் கால் பதிய வைத்தாள். லைன் கிடைத்ததும் கூப்பிட்டு அனுப்புகிறேன் என்றாள். நான் வீட்டுக்குப் போகவில்லை. அங்கேயே இரும்புக் குழாய் அடுக்குக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். வருகிற போகிறவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தேன்.

டிரைவர் துறைமுகத்துக்குப் போய் விசாரித்தார். அடிபட்டது என் மகன் கப்பல்தான். ஓட்டையோடே குவைத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. மறுநாள் சாயங்காலம் அவனையே முதலாளி வீட்டுக்கு அழைத்துவந்து பேச வைத்தார். இரும்புக் கடையில் என்னைச் சுற்றி என் வீட்டுக்காரர், அந்தப் பெண், அவள் அப்பா, சரக்கு வாங்க வந்த இரண்டு பேர் எல்லாரும் நின்றார்கள்.

"அடி பட்டுச்சா?" என்றேன்.

"இல்லம்மா. கொழம்பு பூரா கவுந்துடுச்சு, அவ்ளோதான்."

அந்தப் போர்க்கப்பலெல்லாம் என்னதான் செய்துகொண்டிருந்தன என்று கேட்டேன். இரைச்சலுக்கு நடுவில் அவன் சிரிப்பது கேட்டது.

"எங்க பின்னாடி வந்துதும்மா. வெடிச்சப்புறம் முன்னாடி போக அதுங்களுக்கு பயம். எங்க கப்பல் பெருசு, தாங்கும். அதுங்க தகடு மெலிசு. நாங்க போன தடத்துலயே பின்னாடி வந்துதுங்க."

இதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வரவில்லை. காவலுக்கு வந்தவனுக்கு முன்னால் என் மகனை நடக்கவிட்டிருக்கிறார்கள். அத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதும் மறந்துவிட்டது.

"வந்துடு. நான் சொல்றேன், வந்துடு."

அவன் மெதுவாகச் சொன்னான். கையெழுத்துப் போட்டாகிவிட்டது, பாஸ்போர்ட் கம்பெனியில் இருக்கிறது, வருஷம் முடியாமல் இறங்க முடியாது. நாங்க மட்டும் இல்லம்மா, குவைத்தே இனிமே இதிலேர்ந்து எங்க இறங்கறது என்றான். அதற்குள் லைன் போய்விட்டது.

அந்தப் பெண் மாடிக்குப் போய் டீ கொண்டுவந்து கொடுத்தாள். சர்க்கரை ஜாஸ்தியாகப் போட்டிருந்தாள். முழுக்கக் குடித்தேன்.

வீட்டுக்கு வந்து மருமகளிடம், உயிரோடு நன்றாக இருக்கிறான், ஆனால் வருஷம் முடியாமல் வர முடியாது என்று சொன்னேன்.

"நீங்க வரச் சொன்னீங்களா மாமி?"

"சொன்னேன்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அடுப்பு மூட்டப் போய்விட்டாள். நான் கேட்ட வார்த்தைகளிலேயே கனமானது அதுதான். கொடி தைத்தது தப்பு என்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை. ஒரு தாய்க்குத் தெரிந்த வேலையில் அவள் செய்யக்கூடியதைச் செய்தேன். ஆனால் மருமகள் கேட்டது கொடி இல்லை.

அந்த ஒரு வருஷம் எப்படிப் போனது என்று சொல்லத் தெரியவில்லை. செய்தி நேரம் வந்தால் அவளும் நானும் வேலையைப் போட்டுவிட்டு ரேடியோ பக்கத்தில் உட்காருவோம். கண்ணிவெடி என்ற சொல் வந்தால் அவள் குழந்தையை இறுக்கிப் பிடிப்பாள், அது வீறிட்டு அழும். கப்பல் பேர் சொல்ல மாட்டார்கள். ஒவ்வொரு தடவையும் அந்த இரும்புக் கடைக்குப் போய் உட்காருவோம். இல்லை, உங்க பையன் கப்பல் இல்லை என்று டிரைவர் சொன்ன பிறகு எழுந்து வருவோம். மெலிந்துபோனது அவளா நானா என்று யாராவது பார்த்திருந்தால் சொல்லியிருக்கலாம்.

ஒப்பந்தம் முடிந்து அவன் வந்தான். அப்போது சண்டையும் ஓயும் நிலைக்கு வந்திருந்தது. பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது குழந்தை அவனைப் பார்த்து யாரோ என்று என் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. எதிர்பார்த்த மாதிரியே ஒரே வாரத்தில் அப்பாவும் மகனும் கத்தரிக்கோல் வைக்கும் இடத்துக்காக முறைத்துக்கொண்டார்கள்.

அவனைக் குவைத்துக்கு அனுப்பிய ஏஜெண்ட் மூக்கில் வேர்த்த மாதிரி வந்து சேர்ந்தார். சண்டை முடியப் போகிறது, இனிமேல் கடலில் பயமே இல்லை, பெரிய நாடு காவலுக்கு நிற்கிறது, கப்பலில் நல்ல இடம் காலியாக இருக்கிறது என்று மேஜை மேல் கை ஊன்றிக்கொண்டு பேசினார். என் வீட்டுக்காரர் பேப்பரில் படித்ததைச் சொல்வதற்காகத் தொண்டையைச் செருமினார். மகன் தரையைப் பார்த்தபடி நின்றான். உள்ளே மருமகள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

என்னை யாரும் கேட்கவில்லை. நான் மெஷினை நிறுத்திவிட்டு, "அவன் போகல" என்றேன்.

ஏஜெண்ட் சிரித்து, "அவரு சொல்லட்டும்மா" என்றார்.

"நான் சொல்லிட்டேன். போகல."

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றுபோயிருந்தது. மகன் நிமிர்ந்து அந்தப் பக்கம் பார்த்தான். பிறகு ஏஜெண்டிடம், அம்மா சொன்னதுதான் என்றான்.